லிஃப்ட்காரன் படியேறும்போது

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் அம்மணிகளுக்கும் முதலில் ஒரு செய்தி. இந்த ஊரில் எல்லோரையும் விட அதிகமாகப் படியேறப் போகிறவர்கள் நீங்கள்தான். லிஃப்ட் ஓடும்போது நம்மை யாரும் கூப்பிடுவதில்லை. நின்றால்தான் கூப்பிடுவார்கள். நின்றுபோன லிஃப்டில் நாம் எப்படி மேலே போவது? கோயமுத்தூரில் முப்பத்திரண்டு வருடம் இந்த வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றிருக்கிறேன். என் முழங்கால்கள் இரண்டும் எனக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றுவிட்டன!

மோட்டார், போர்டு, கம்பிக்கயிறு பற்றியெல்லாம் சொல்லிக்கொடுக்க உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். செல்போனைத் தட்டினால் வீடியோவே வருகிறது. நான் சொல்ல வந்தது அந்தப் படிகளைப் பற்றி. கீழ்ப்படியில் கால் வைத்ததிலிருந்து மொட்டை மாடியில் மெஷின் ரூம் கதவைத் திறக்கும் வரை உங்கள் மனதில் என்ன ஓடுகிறதோ, அதைத்தான் உங்கள் கை மேலே போய்ச் செய்யும். உபதேசம் என்று நினைத்துவிடாதீர்கள். உபதேசம் கேட்டால் எனக்கே தூக்கம் வரும். இது நான் கண்ணால் பார்த்த விஷயம். இப்போது எழுத உட்கார்ந்தால்கூட உடம்பு சிலிர்க்கிறது.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. எல்லாம் தெரியும் என்ற திமிர் வந்திருந்த நேரம். தீபாவளிக்கு முந்தைய வாரம், டவுனில் ஒரு ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம். கையால் இழுத்துத் திறக்கும் பழைய கதவு வைத்த லிஃப்ட். காலையிலிருந்து மூன்று முறை நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். அன்றைக்கு அது எனக்கு ஐந்தாவது கட்டடம். தீபாவளி நோன்பிக் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு படியேறினேன். ஏறும்போதே மனதுக்குள் திட்டு ஆரம்பமாகிவிட்டது. ‘எவனோ கதவை எட்டி உதைத்திருக்கிறான். இவர்களுக்கெல்லாம் எதற்கு லிஃப்ட்?’ ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வசவு வைத்திருந்தேன்.

இங்கே ஒன்றை மட்டும் விளக்க வேண்டும். எல்லா மாடிக் கதவுகளும் மூடியிருந்தால்தான் லிஃப்ட் நகரும். ஒரு கதவு சரியாக மூடவில்லை என்றாலும் நின்றுவிடும். அந்தக் கதவு மூடித்தான் இருக்கிறது என்று லிஃப்டை இயக்கும் போர்டை நம்பவைக்க ஒரு சாண் ஒயர் போதும். அதை ஜம்பர் என்போம். சோதனை பார்க்க இரண்டு நிமிடம் போட்டுவிட்டு உடனே கழற்றிவிட வேண்டிய சமாச்சாரம்.

மூன்றாம் மாடிக் கதவில் கோளாறு என்று போர்டு காட்டியது. நான் நினைத்தது சரியாகப் போய்விட்டதே, உதைத்திருக்கிறார்கள்! கதவைப் போய் ஆட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஜம்பரைப் போட்டேன். லிஃப்ட் ஓடியது. கடைக்காரர் கும்பிட்டார். நாளைக்கு வந்து பூட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று ஜம்பரை அப்படியே விட்டுவிட்டு ஆறாவது கட்டடத்துக்குப் போய்விட்டேன். பிழையிலேயே பெரிய பிழை அது. நம் தொழிலில் இருப்பவனைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாத பிழை.

சாயங்காலம் அந்த மூன்றாம் மாடியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, மோவாய் வரைக்கும் சேலைக்கட்டு சுமந்துகொண்டு வந்து கதவை இழுத்திருக்கிறாள். லிஃப்ட் வந்து நிற்காதபோது திறக்கவே கூடாத கதவு, பூட்டு கெட்டிருந்ததால் திறந்துகொண்டது. உள்ளே லிஃப்ட் இல்லை. எப்போதும் சேலைக்கட்டை முதலில் உள்ளே போட்டுவிட்டுப் பிறகு கால் வைப்பது அவள் வழக்கம். கட்டு இருட்டுக்குள் போய்விட்டது. தூக்கிய காலோடு அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

தகவல் வந்ததும் ஓடினேன். ஜம்பரைக் கழற்றிக் கதவின் பூட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வந்து பக்கத்தில் நின்றாள். பத்தொன்பது இருபது வயது இருக்கும். அறையப் போகிறாள் என்றே நினைத்தேன். அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் மெதுவாகச் சொன்னாள்:

“ஏனுங்ணா, காத்தால மூணு வாட்டி இந்த லிஃப்ட் நின்னுச்சுங்களே, அது எனக்கோசரம்தான் நின்னிருக்குதுங். நீங்கதான் அதைத் திட்டி ஓட வெச்சுபோட்டீங்க.”

நான் திட்டியது மனதுக்குள்தான். அவளுக்கு அது எப்படிக் கேட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர்கள் பல பேர், அவர்களுக்கெல்லாம் வணக்கம். ஆனால் என் குரு யார் என்று கேட்டால் அந்தச் சேலைக்கடைப் பெண்ணைத்தான் சொல்வேன்.

அலுவலகத்தில் நானே போய் நடந்ததைச் சொன்னேன். ஒரு மாதம் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து போல்ட்டும் நட்டும் பிரிக்க வைத்தார்கள். அந்த ஒரு மாதமும் அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ‘எவனோ கெடுத்துவிட்டான்’ என்று நினைத்து ஏறினேன், அதனால் கெடுத்தவனைத் தேடினேன். ‘இது ஏதோ நல்லதுக்கு நிற்கிறது’ என்று நினைத்து ஏறியிருந்தால் அந்தக் கதவைத்தான் முதலில் ஆட்டிப் பார்த்திருப்பேன். கண் ஒன்றுதான், கையும் ஒன்றுதான். உள்ளே இருந்த நினைப்பு கோணலாக இருந்ததால் கையும் கோணலாகப் போய்விட்டது. இவ்வளவு சின்ன விஷயம் எனக்கு அதுவரை தெரியாமல் இருந்ததே என்று ஒரே ஆச்சரியம்!

ஸ்டோரிலிருந்து வெளியே வந்த பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எங்கே கூப்பிட்டாலும் படியேறும்போது, ‘நீ யாரைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறாய்?’ என்று லிஃப்டைக் கேட்பேன். சில சமயம் வாய்விட்டே கேட்டுவிடுவேன். கூட வேலை செய்தவர்கள் என்னை விடவில்லை. “இவரு லிஃப்டுகிட்டப் பேசறாருங், அது இவருகிட்டப் பேசுனா சொல்லுங்க, அன்னைக்கு நானும் வாரேன்” என்று கிண்டல் செய்தார்கள். செய்யட்டும். பத்துக்கு ஒன்பது தடவை பதில் சப்பென்றுதான் இருக்கும். தேய்ந்த ரோலர், கதவிடுக்கில் சிக்கிய பேனா, எலி கடித்த ஒயர். ஆனால் எரிச்சலோடு ஏறியதைவிட வேலை வெசையாக, சீக்கிரமாகவே முடிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், முழங்கால் வலிகூடக் குறைவாக இருந்தது.

இனி சரவணம்பட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு. எட்டு மாடி, கம்ப்யூட்டர் ஆபீஸ்கள் நிறைந்த கட்டடம். காலை பத்து மணி இருக்கும். லிஃப்ட் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஒரு அம்மா மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று கட்டட மேனேஜர் போன் செய்தார். நான் பக்கத்துத் தெருவில்தான் இருந்தேன். பத்து நிமிடத்தில் போய்விட்டேன்.

நாலாம் மாடியில் பெரிய கூட்டம். அந்த மாடிக் கதவைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து வைத்திருந்தார்கள். திறந்த வாசலில் லிஃப்டின் தரை என் நெஞ்சு உயரத்தில் நிற்கிறது. அந்தத் தரைக்குக் கீழே ஒன்றுமில்லை, அடித்தளம் வரைக்கும் வெறும் இருட்டு. லிஃப்டின் விளிம்பில் சுத்தம் செய்யும் வேலை பார்க்கும் மரகதம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மூச்சு வாங்குகிறது, உதடு வெளுத்திருக்கிறது. அவருக்கு எதிரே தாடி வைத்த ஆபீஸ் இளைஞர் ஒருவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, “குதிங்கக்கா, நான் புடிச்சுக்கறேன்!” என்கிறார்.

எனக்கு உயிரே போய்விட்டது. லிஃப்டில் மாட்டிக்கொண்டு யாரும் சாவதில்லை. இப்படிக் குதிக்கும்போது, கால் தரையில் பட்டு உடம்பு பின்னால் சாய்ந்து அந்த இருட்டுக்குள் போய்விடுகிறவர்கள்தான் சாகிறார்கள்.

“அம்மணி! சித்தே இருங்க. நான் லிஃப்ட் மெக்கானிக்குங்க. காலைத் தூக்கி உள்ள வெச்சுக்குங்க. அப்படியே பின்னால நகந்து செவுத்துல சாஞ்சுக்குங்க.”

“மூச்சு... முட்டுதுங்ணா. எனக்கு வீசிங் இருக்குதுங். மருந்து கீழ பையில கெடக்குது.”

“பை எங்கீங்க இருக்குது?”

“ஸ்டாஃப் ரூம்ல. பச்சைப் பை.”

அந்தத் தாடிக்காரத் தம்பியைத் திட்டுவதற்கு என் நாக்கு நுனியில் நல்ல கெட்ட வார்த்தை தயாராக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். வியர்த்து, கண் கலங்கி, நீட்டிய கையை மடக்காமல் நின்றுகொண்டிருந்தார். அந்தக் கூட்டத்திலேயே அந்தப் பெண்ணுக்காக அதிகம் துடித்தவர் அவர்தான். அவரைத் திட்டி என்ன செய்ய?

“தம்பி, உங்க பேரென்னங்க?”

“கார்த்தி சார்.”

“கார்த்தி, இந்த அக்காளக் காப்பாத்தோணும்னு உங்களுக்குத்தான் ரொம்ப அவசரம். உங்க காலு எனக்கு வேணும். ஓடிப்போய் அந்தப் பச்சைப் பையக் கொண்டாங்க.”

பறந்தார் பாருங்கள்! நாலு மாடி இறங்கி, நாலு மாடி ஏறி, இரண்டு நிமிடத்தில் பையோடு நிற்கிறார். உள்ளே இழுக்கும் மருந்தை மரகதத்திடம் எட்டிக் கொடுத்தோம். அழுத்தினார். ஒரே ஒரு தடவைதான் வந்தது, அதோடு தீர்ந்துவிட்டது. கொஞ்சம் ஆசுவாசம், அவ்வளவுதான். கார்த்தியின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, மரகதத்தோடு பேசிக்கொண்டு அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, இன்னொருவரை மருந்துக் கடைக்கு அனுப்பினேன். நான் மெஷின் ரூமுக்கு ஏறினேன். மேனேஜர் பின்னாலேயே வந்தார்.

“போன வாட்டி வந்தவரு ஒரு ஒயரப் போட்டு ரெண்டே நிமிசத்துல ஓட்டிக் காட்டுனாருங்க. நீங்களும் அதைப் போட்டு எறக்குங்க. அந்தம்மாளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நானுங்க பதில் சொல்றது!”

போர்டைப் பார்த்தேன். ஏதோ ஒரு கதவு திறந்திருப்பதாகக் காட்டியது. நாலாம் மாடியைத்தான் திறந்து வைத்திருக்கிறார்களே. கார்த்திக்குப் போன் செய்து அதை ஒரு நிமிடம் இழுத்து மூடச் சொன்னேன். மூடினார். அப்போதும் போர்டு அப்படியே காட்டியது. உடனே பழைய ஆள் எனக்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டான். ‘கடப்பாரை போட்டு நெம்பினார்கள் அல்லவா, பூட்டை உடைத்துத் தொலைத்திருக்கிறார்கள். அறிவுகெட்ட கூட்டம்.’ கை தானாகப் பையிலிருந்து ஜம்பரை எடுத்துவிட்டது. கீழே ஒரு பெண் மூச்சுக்குத் தவிக்கிறார், பக்கத்தில் ஒருவர் கத்துகிறார், இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும் வழி கையில் இருக்கிறது. உங்களில் யார் வேண்டுமானாலும் போட்டிருப்பீர்கள்.

ஒயரைப் பிடித்துக்கொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டேன். நீ யாரைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறாய்? மரகதத்தையா? அவரை அது காப்பாற்றவில்லை, அடைத்துத்தான் வைத்திருக்கிறது. அப்படியானால் வேறு யாரை?

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. லிஃப்ட் முதலில் நின்றது. கடப்பாரை அப்புறம் வந்தது! நாலாம் மாடிக் கதவை இவர்கள் தொடுவதற்கு முன்னாலேயே வேறு எங்கோ ஒரு கதவு திறந்திருக்கிறது. கோபத்தில் எது முன், எது பின் என்பதே எனக்கு மறந்துவிட்டது. ஜம்பரைப் பைக்குள் போட்டுவிட்டு, கதவைத் திறந்து போனை மரகதத்திடம் கொடுக்கும்படி கார்த்தியிடம் சொன்னேன்.

“அம்மணி, இன்னொரு ஆளு எங்கியோ ஆபத்துல இருக்கலாம்னு எனக்குத் தோணுதுங்க. நான் கீழ வரைக்கும் போய்ப் பாக்கோணும். அஞ்சு நிமிசம் தாங்குவீங்களா?”

மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “போய்ப் பாருங்ணா. நான்... இருந்துக்கறேன்” என்றார்.

இறங்கினேன் என்று சொல்ல முடியாது, விழுந்துகொண்டே போனேன்! எட்டாம் மாடிக் கதவைத் தள்ளிப் பார்த்தேன், சரி. ஏழு சரி. ஆறு, ஐந்து, எல்லாம் சரி. நாலாம் மாடியைத் தாண்டும்போது அந்த இழுப்புச் சத்தம் கேட்டது, நிற்கவில்லை. மூன்று, இரண்டு, ஒன்று, தரைத்தளம், எல்லாமே இறுக்கமாக மூடியிருந்தன. ஒருவேளை நான் நினைத்தது தப்போ, ஐந்து நிமிடத்தை வீணாக்கிவிட்டேனோ என்று தோன்றியது. மிச்சம் இருந்தது அடித்தளம் மட்டும். வண்டிகள் நிறுத்தும் இடம். தண்ணீர் மோட்டார் ஓடும் இரைச்சலில் பக்கத்தில் கூப்பிட்டால்கூடக் கேட்காது.

லிஃப்ட் கதவு ஓர் அங்குலம் திறந்திருந்தது. மூடிக்கொள்ளாமல் இருக்க இடுக்கில் ஒரு ரப்பர் செருப்பைச் செருகியிருந்தார்கள்.

கதவை விலக்கி டார்ச் அடித்தேன். ஆள் உயரக் குழி. அடியில் பெரிய ஸ்பிரிங் ஒன்று இருக்கும், கீழே வந்து நிற்கும் லிஃப்டுக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அதன்மேல் குறுக்காக விழுந்து கிடந்தார் கட்டடத்து எலக்ட்ரீசியன் செல்வராசு. கையில் யாருடையதோ செல்போன். லிஃப்ட் இடுக்கில் போனைத் தவறவிட்ட ஒருவர் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இவரும் லிஃப்ட் சும்மா நிற்கிறது என்று நினைத்து, சாவி போட்டுக் கதவைத் திறந்து, யாரிடமும் சொல்லாமல் குதித்திருக்கிறார். கால் பிசகித் தலை அடிபட்டு மயங்கிவிட்டார். இவர் கதவைத் திறந்த அந்த நொடியில்தான் மேலே மரகதம் ஏறிய லிஃப்ட் நின்றிருக்கிறது.

இந்த இடத்தை நான் நிறுத்திச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி லிஃப்ட், தடங்கல் நீங்கியதும் முதலில் அடித்தளம் வரை ஒரு முறை இறங்கி வரும், தான் எங்கே இருக்கிறோம் என்று சரிபார்த்துக்கொள்ள. நான் ஜம்பரைப் போட்டிருந்தால் அது நேராக செல்வராசுவின் மேல்தான் இறங்கியிருக்கும். அதை ஓட்டியது என் கையாக இருந்திருக்கும்!

குழிக்குள் இருக்கும் நிறுத்து சுவிட்சை அழுத்திவிட்டு நானும் உள்ளே இறங்கினேன். மூச்சு இருந்தது. போட்ட கூச்சலில் பத்துப் பேர் ஓடி வந்தார்கள். ஆபீஸ் விழாவுக்குக் கட்டியிருந்த பிளக்ஸ் பேனரை யாரோ அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். அதில் கிடத்தி, கழுத்து ஆடாமல் மெதுவாகத் தூக்கி வெளியே வைத்தோம். என்னை ஒயர் போடச் சொன்ன மேனேஜர் குழியைப் பார்த்தார், மேலே பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரே எழுந்து ஆம்புலன்சுக்குப் போன் செய்தார், தண்ணீர் கொண்டுவந்தார். அவரும் கெட்டவர் இல்லை, அந்த அம்மாவுக்காகத்தான் பதறினார்.

முகத்தில் தண்ணீர் பட்டதும் செல்வராசு கண் திறந்தார். இடது கால் வீங்கிக் கிடக்கிறது, நெற்றியில் ரத்தம். எங்கே இருக்கிறோம் என்றுகூடக் கேட்கவில்லை.

“லிஃப்ட்டு நின்னுபோச்சுங்களா? மேல யாராச்சும் மாட்டிக்கிட்டாங்களா?”

அதுதான் அவர் பேசிய முதல் வார்த்தை. “பத்திரமா இருக்காங்க, இப்ப வந்துருவாங்க” என்றேன். குழிக்குள் அழுத்திய சுவிட்சை விடுவித்துவிட்டு, செருப்பை எடுத்துக் கதவை மூடினேன். போனில் கார்த்தியிடம் நாலாம் மாடிக் கதவையும் இழுத்து மூடச் சொன்னேன். கடப்பாரை போட்ட அந்தப் பூட்டு கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. அதற்கு ஒன்றுமே ஆகவில்லை!

மேலே கம்பிக்கயிறு அசையும் சத்தம் கேட்டது. என் முப்பத்திரண்டு வருடத்தில் அத்தனை சந்தோஷமாக ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. லிஃப்ட் நிதானமாக இறங்கி வந்து அடித்தளத்தில் நின்றது. கதவு திறந்தது. மரகதம் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். மருந்துக் கடைக்குப் போனவர் புது மருந்தை நீட்டினார். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, இழுக்காமல், பேனரில் படுத்திருந்த செல்வராசுவையே பார்த்தார்.

“ஏனுங்க, இவருதானுங்களா? உசுருக்கு ஒண்ணுமில்லீங்களே?”

“முதல்ல மருந்த இழுங்க அம்மணி” என்று நான் அதட்ட வேண்டியதாகிவிட்டது. இழுத்தார். செல்வராசு படுத்தபடியே கை கூப்பப் பார்த்தார்.

“அக்கா, மன்னிச்சுபோடுங்க. என்னாலதான் உங்களுக்கு...”

“அட, சும்மா இருங்க. கால ஆட்டாதீங்க.”

ஆம்புலன்ஸ் வந்தது. அவரை ஏற்றும்வரை மரகதம் பக்கத்திலேயே நின்றார். கார்த்தி ஒரு தூணில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும்தான், மறைக்க என்ன இருக்கிறது! நல்லபடியாக நினைப்பதற்கு எனக்கு அத்தனை வருடப் பழக்கம் தேவைப்பட்டது. இவர்கள் இரண்டு பேரும் யாரிடமும் படிக்காமல், மூச்சு முட்டும்போதும் கால் வீங்கிக் கிடந்தபோதும் அடுத்த ஆளைத்தான் கேட்டார்கள்.

வண்டி கிளம்பிப் போன பிறகு மரகதம் லிஃப்ட் பக்கம் திரும்பினார். இருபத்தைந்து நிமிடம் மூச்சுத் திணற அடைத்து வைத்த பெட்டி. இரண்டு உதை உதைத்திருந்தாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அவர் கிட்டே போய், அதன் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.